நகைக்கு நிலைக்களனாகிய தமிழ்

சென்ற தவணையில் ஒருநாள், எங்கள் பிராசீன கல்லூரியின் மேல்வகுப்பிலே தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைத் தொடங்கியிருந்தேன். மெய்ப்பாடு எட்டனுள் முதற்கண் நிற்பது நகை. அது பிறக்கும் நிலைக்களன் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. இவற்றை ஒருவாறு விரித்தபின், இளம்பூரணர் தம் உரையிலே காட்டும் செயிற்றியனார் கருத்துக்கு வந்தேன். செயிற்றியம் இறந்துபட்ட நூல். உரைகாரர் ஆண்டுவைத்த சில சூத்திரங்களே எஞ்சின. அந்நூலுடையார் நகை தோன்றும் இடங்களை நீண்டதொரு நிரலாக அடுக்குகின்றார். முடவர் நடை, குழந்தையின் மழலை, பித்தர் பிதற்றல், கல்லாதார் காட்டும் கல்வி என்று செல்லும் அந்த நிரலிலே, ஆரியர் பேசும் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு. பிறமொழியாளர் நாவில் நம் மொழி படும் பாடு அக்காலத்தாருக்கும் சிரிப்பாயிருந்தது என்றேன்.

பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

“ஐயா, படங்களிலை எங்கடை தமிழைக் கேட்டும் சிரிக்கினம். அப்ப நாங்களும் அந்தப் பட்டியலிலையோ?”

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபின் விடை சொல்ல வாயெடுத்தேன், விடை வரவில்லை. நல்லகாலம், மணி அடித்தது. இக்கட்டுரை அவனுக்கு நான் கடன்பட்ட விடை.

அவன் முதல்நாள் இரவு பார்த்திருந்த படம் ‘ரூரிஸ்ட் ஃபமிலி’. 2025 மே மாதம் முதலாந் திகதி வெளிவந்தது. அதற்குப் பின்னர் வருகிறேன். என்னளவில் இக்கதை கால் நூற்றாண்டுக்கு முன்னரே தொடங்கிவிட்டது.

2000ஆம் ஆண்டுத் தீபாவளிக்குத் தமிழகத்தில் ‘தெனாலி’ வெளிவந்தது. அக்காலத்தில் எங்கள் குடாநாட்டுக்குத் தரைப்பாதை அடைபட்டிருந்தது. அரிசியும் மாவும் கப்பலில் வந்தன. படமும் எவ்வாறோ கடல் கடந்தது. ஊரில் ஒரு வீட்டு முற்றத்திலே பாய் விரித்து, தொலைக்காட்சிப் பெட்டியை விறாந்தைக் கதிரையில் ஏற்றி, ஜெனரேற்றர் இரைச்சலோடு ஐம்பது அறுபது பேர் பார்த்தோம். மண்ணெண்ணெய்க்குத் தலைக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் முன்கூட்டியே வாங்கிவிட்டார். ஆதலால் ஒரு காட்சியையும் வீணாக்காமல் பார்த்தோம் என்பது மெய்.

கதை பலரும் அறிந்ததே. அஞ்சாத பொருளே இல்லாத ஒருவன், தனக்கு மருத்துவஞ் செய்யும் உளநோய் வைத்தியரைத் தேடிக் கோடைக்கானலுக்கே போய்விடுகிறான். அவர் குடும்பம் முழுவதும் அவன்பால் அன்பு கொள்கிறது. வைத்தியருக்கோ பித்துப் பிடிக்கிறது. 1991இல் வெளிவந்த ‘வட் அபவுட் பொப்’ என்னும் அமெரிக்கப் படத்தோடு இக்கதைக்கு நெருங்கிய ஒப்புமை உண்டு. அந்த அமெரிக்க நோயாளியின் அச்சத்துக்குப் போர் காரணமன்று. தமிழ்ப் படத்தார் அச்சத்துக்கு ஓர் ஊர் கொடுத்தார்கள். அது எங்கள் ஊர். நாயகன் தெனாலி ஓர் ஈழத் தமிழன். கமல்ஹாசன் அவனாக வந்தார்.

தனக்கு எவையெவை அச்சம் என்று அவன் மூச்சுவிடாமல் அடுக்கிச் செல்லும் இடம் பெயர்பெற்றது. முற்றம் குலுங்கிச் சிரித்தது. எனக்கு அருகே பாயில் இருந்த ஒரு மூதாட்டி மாத்திரம் சிரிக்கவில்லை. “உதிலை என்ன பகிடி? செல் விழுந்தால் ஆருக்கும் பயந்தானே. பாவம் பொடியன்!” என்றார். பதுங்குகுழியில் பல இரவுகளைக் கழித்தவர் அவர். படத்தை உண்மைக் கதை என்றே எண்ணிவிட்டார் என்று அன்று நினைத்தேன். இன்று அவ்வாறு நினைக்கவில்லை. பேதைமையால் அஞ்சுவோனைக் கண்டு நகலாம். காரணத்தோடு அஞ்சுவோனைக் கண்டு நகுதல் எங்ஙனம்? அந்த வேறுபாட்டை மெய்ப்பாட்டியல் படியாத அவர் பிடித்துக்கொண்டார். அதனைப் படிப்பித்த நான் தவறவிட்டேன்.

கமல்ஹாசன் பேச்சைப் போகிற போக்கில் எடுத்துக்கொண்டவர் அல்லர். இலங்கை வானொலியிற் புகழ்பெற்ற அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீதின் துணைகொண்டு அதனைப் பயின்றார். உரையாடல் எழுதிய கிரேசி மோகனோடு சேர்ந்து ‘மைக்கேல் மதன காம ராஜ’னிலே பாலக்காட்டுத் தமிழையும், ‘சதி லீலாவதி’யிலே கொங்குத் தமிழையும் முன்னரே ஆடிக் காட்டியவர். ஆகவே எங்களைத் தனியே பிடித்து எள்ளினார் என்று குறைசொல்ல இடமில்லை. அவருக்குத் தமிழின் கிளைகள் எல்லாம் விளையாட்டுக் களம். இதனை நடுவுநிலையோடு சொல்லிவைத்தே மேலே செல்கிறேன்.

ஆயினும் அப்படத்துக்குப் பின்னர் எங்கள் பேச்சு ‘கோ’ என்னும் ஓரெழுத்துக்குள் அடைபட்டுவிட்டது. இருங்கோ, வாருங்கோ, சொல்லுங்கோ என்று ஒவ்வொரு வினைமுற்றின் வாலிலும் ஒரு ‘கோ’வை முடிந்து, அதனைச் சற்றே இழுத்துவிட்டால் ஈழத்தமிழ் ஆயிற்று என்று தமிழகத்து மேடைப் பகிடிக்காரர் பலர் முடிவுகட்டிவிட்டனர். வேடிக்கை என்னவெனில், அந்தக் ‘கோ’ எங்களுக்கே உரியதன்று. தமிழகத்துப் பிராமணர் வீடுகளிலும் அது உண்டு. எங்களுக்கே உரியவற்றை அவர்கள் செவி கொள்ளவில்லை.

உகரச் சுட்டை எடுத்துக்கொள்க. அ, இ, உ என மூன்று சுட்டைத் தொல்காப்பியர் சொன்னார். தமிழகத்துப் பேச்சில் இரண்டே எஞ்சின. அது என்பர், இது என்பர். ‘உது’ என்றால் விழிப்பர். யாழ்ப்பாணத்திலோ ‘உது என்ன?’ என்று கேளாத வீடு இல்லை. உவன், உவள், உங்கை, உந்தப் புத்தகம் என்று, இரண்டாயிரம் ஆண்டுச் சொத்தைச் சந்தையிலும் பேருந்திலும் செலவிட்டுக்கொண்டிருக்கிறோம். ‘நீர்’ என்பதும் அத்தகையதே. ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் நடுவே நிற்கும் அந்த மதிப்பான சொல், கணவன் மனைவியை விளிக்கவும் ஆசிரியன் மாணவனை விளிக்கவும் இங்கே பயன்படுகிறது. ஒரு வீட்டில் யார் யாரை ‘நீர்’ என்கிறார், யார் யாரை ‘நீ’ என்கிறார் என்று கேட்டாலே அவ்வீட்டு நிலைமை பாதி விளங்கிவிடும். நகைச்சுவை எழுதுவோனுக்கு இதனினும் நல்ல கருவி வேண்டுமா? மாமியார் ஒருநாள் ‘நீர்’ என்பதை விட்டு ‘நீங்கள்’ என்று மருமகளை அழைத்தால், அன்று அவ்வீட்டில் பெருஞ்சண்டை என்று அர்த்தம். ‘கோ’வை நம்பினவர்களுக்கு இது எட்டவில்லை.

‘பேசுதல்’ என்ற சொல்லையும் இங்கே சொல்லலாம். நாங்கள் கதைப்போம், பேசமாட்டோம். பேசுதல் எங்களுக்கு ஏசுதல். அதிபர் பேசினார் என்றால் ஏதோ குற்றஞ் செய்து அகப்பட்டுக்கொண்டோம் என்பது பொருள். தமிழகத்தார் ஒருவர் அன்பாக ‘உங்களோடு பேசவேண்டும்’ என்று சொல்லக் கேட்டு, நான் என்ன பிழைவிட்டேன் என்று இரவு முழுதும் உறங்காதிருந்த யாழ்ப்பாணத்தவர் ஒருவரை நான் அறிவேன். மட்டக்களப்பாருக்கு வேறு சொல், வேறு ஓசை. மன்னாருக்கு வேறு. மலையகத்துக்கு முற்றும் வேறு. திரையிலே இவையெல்லாம் ஒரே குழம்பு.

இனி என் கதை. 1990இல் எங்கள் குடும்பம் படகேறித் தமிழகம் போயிற்று. எனக்கு அப்போது இருபது வயது. திருச்சிராப்பள்ளியிலே ஓர் உறவினர் வீட்டு ஒதுக்கறையிற் சில காலம் இருந்தோம். போன இரண்டாம் நாள், மூலைக் கடைக்குச் சென்று ஒரு சவர்க்காரம் தரும்படி கேட்டேன். கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். பின்னர்க் காராச்சேவு இருந்த போத்தலைத் திறந்து, எத்தனை கிராம் என்றார். சவர்க்காரம் என்றதில் ‘காரம்’ மாத்திரம் அவருக்கு விளங்கியிருக்கிறது. இல்லை, உடம்புக்குப் போட்டுக் குளிக்கிற சவர்க்காரம் என்றேன். அருகில் நின்ற இருவர் வாய்விட்டுச் சிரித்தனர். கடைக்காரர் நல்ல மனிதர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, நான் மலையாளத்தான் என்று எண்ணி, தமக்குத் தெரிந்த மலையாளத்தில் விலை சொன்னார்.

சோப்பு என்று கேட்டிருந்தால் சிரிப்பில்லை. சோப்பு கடல்கடந்து வந்த சொல், சவர்க்காரம் தமிழ். தமிழ் கேட்டவன் மலையாளத்தான் ஆனான். இந்த முரணை எண்ணி எண்ணி அன்று உள்ளங் கொதித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர், “நாளைக்குச் சோப்பு எண்டு கேள்” என்றார். அவ்வளவுதான். மறுநாள் சோப்பு என்று கேட்டேன். அதன்பின் கடை, பேருந்து, வாசிகசாலை எங்கும் வாயைச் சுருக்கிக்கொண்டேன். மூன்று ஆண்டு அங்கிருந்தேன். திரும்பி வரும்போது இரண்டு தமிழ் என் வாயில் இருந்தன: ஒன்று கதவுக்கு உள்ளே, மற்றது வெளியே.

இந்த இடத்தில் மற்றொன்றையும் சொல்லாது விட்டால் நான் நேர்மையற்றவன். எனக்கு எட்டு வயதாயிருந்தபோது எங்கள் வீட்டில் வேலைக்கு ஒரு சிறுவன் இருந்தான். மலையகத் தோட்டமொன்றிலிருந்து யாரோ கொண்டுவந்து விட்டார்கள். என்னிலும் இரண்டு வயது மூத்தவன். அவன் ‘வாங்க’ என்பான், ‘என்னாங்க’ என்பான், ‘சொல்றேங்க’ என்பான். அவன் பேசுவதைப் போலவே பேசிக்காட்டுவதில் நான் வல்லவன் ஆனேன். உறவினர் வந்தால் என்னை நடுவில் நிறுத்திப் பேசச் சொல்வார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் கதவோரம் நின்று சிரிப்பான். சிரித்தவர் எவரும் கெட்டவர் அல்லர். அவனுக்குத் தீபாவளிக்குப் புதுச்சட்டை எடுத்துக் கொடுத்தவர்களே. அவர்களே அவன் இனத்தாரை ‘வடக்கத்தியான்’ என்றும் ‘தோட்டக்காட்டான்’ என்றும் கூசாமற் சொன்னார்கள். சிறிது காலத்தில் அவன் பேச்சு குறைந்தது. கேட்டதற்குத் தலையசைப்பான். ஒரு பொங்கலுக்கு ஊர் போனவன் திரும்பி வரவில்லை.

திருச்சிக் கடைக்கு முன் நின்றபோது எனக்கு அவன் நினைவு வந்தது என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாயிருக்கும். வரவில்லை. மாணவன் வகுப்பிலே எழுந்து கேட்ட அன்று இரவுதான் வந்தது.

எள்ளல் என்பதற்குப் பேராசிரியர் உரை கூறுமிடத்து, தான் பிறரை எள்ளி நகுதலையும், பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதலையும் ஆக இரண்டையும் கொள்கின்றார். இரண்டாவதைப் பல ஆண்டு நான் விளங்காமலே படிப்பித்தேன். பிறர் எள்ளும்போது ஒருவன் ஏன் நகவேண்டும்? கதவோரம் நின்ற சிறுவனை எண்ணிப் பார்த்தால் விளங்குகிறது. முற்றத்துப் பாயிலிருந்து தெனாலி பார்த்துச் சிரித்த நாங்களும் அவ்வகையினரே.

எள்ளாமல் ஒரு குடியை நகைக்கு ஆளாக்க இயலுமா? இயலும் என்பதற்கு நான் கண்ட சான்று கிரேக்கரிடமிருந்து வருகிறது. தூரத்து உதாரணமாயிற்றே என்று வாசகர் புருவம் உயர்த்தவேண்டாம். கனடாவில் வாழ்க்கைப்பட்ட என் மூத்த மகள், 2023இல் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தபோது, ஒரு படத்தை எனக்குப் போட்டுக் காட்டினாள். ‘மை பிக் ஃபற் கிறீக் வெடிங்’ என்பது பெயர், 2002இல் வந்தது. சிக்காகோ நகரிலே உணவுச்சாலை நடத்தும் ஒரு கிரேக்கக் குடும்பம். முப்பது வயதாகியும் மணமாகாத மகள் தூலா. அவள் கிரேக்கன் அல்லாத ஒருவனை விரும்புகிறாள். அவனுடைய பெற்றோர் இருவரே; இவளுடைய சுற்றமோ ஒரு மண்டபத்துக்கு அடங்காது. வீட்டுக்கு முன்னே கிரேக்கக் கோயில் போலத் தூண்கள். தந்தைக்கு இரண்டு நம்பிக்கை: உலகத்துச் சொற்கள் அனைத்தும் கிரேக்கத்திலிருந்து பிறந்தவை என்பது ஒன்று, கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தைத் தெளித்தால் எந்த நோயும் மாறும் என்பது மற்றது.

திரவத்தைக் கண்டதும் என் மாமியாரின் சித்தாலேபக் குப்பி நினைவுக்கு வந்து சிரித்தேன். தலையிடிக்கும் அதுதான், வயிற்றுவலிக்கும் அதுதான், பரீட்சைப் பயத்துக்கும் அதுதான். அடுத்த காட்சியிலே தந்தையார், எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் கிரேக்க வேர் காட்டுவேன் என்று சவால்விடுகிறார். யப்பானியர் உடுக்கும் கிமோனோவைச் சொல்கிறார்கள். அவர் சளைக்காமல் அதனைக் குளிர்காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வருவித்து முடிக்கிறார். என் மகள் படத்தை நிறுத்தினாள். “அப்பா, உது நீங்கள்தான்” என்றாள்.

மறுக்க முடியவில்லை. சொற்பிறப்பு ஒப்பியல் அகராதி செய்யப் புகுந்த நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர் நடமாடிய மண் இது. அவர் பன்மொழிப் புலவர், நெறியோடு செய்தார். அவ்வளவு மொழியறிவு இல்லாத என்போன்றார் அவர் வழியிலே துணிவை மாத்திரம் எடுத்துக்கொண்டோம். கட்டுமரமும் மிளகுதண்ணியும் ஆங்கிலத்துக்குப் போனது மெய்யே. அத்தோடு நான் நின்றேனா? மருமகப்பிள்ளை முதன்முதல் வீட்டுக்கு வந்த அன்று, ஆங்கிலத்துக் ‘கில்’ நம் ‘கொல்’லிலிருந்தும், ‘கிறை’ நம் ‘கரை’தலிலிருந்தும் போயின என்று, அவர் சோற்றில் கைவைக்கவிடாமல் நிறுவினேன். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். என் மகள் இதனை எவ்வளவு காலம் மனத்தில் வைத்திருந்தாளோ!

அப்படத்திலே கிரேக்கப் பேச்சின் ஓசையும் நகைக்கு ஆளாகிறது. உச்சரிப்புக் கோணல் உண்டு; உரத்த குரல் உண்டு. ஆனால் அதுவே சிரிப்பின் முதல் அன்று. சிரிப்பு அந்தத் தந்தையின் பிடிவாதத்திலும், தாயார் அவரை அறியாமலே அவர் மனத்தைத் திருப்பும் சாதுரியத்திலும், எவரையும் ஊட்டிக் கொல்லும் சிற்றன்னையரின் அன்பிலும் இருக்கிறது. காரணம் எளிது. கதையை எழுதி நாயகியாகவும் நடித்த நியா வர்தலோஸ், கனடாவின் வின்னிபெக் நகரிலே கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். தம் வீட்டுக் கதையை முதலில் தனிநடிப்பாக மேடையேற்றினார். பின்னரே அது படமாயிற்று. 50 இலட்சம் டொலர் செலவில் எடுத்தது, 36 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது என்பர். குசினிக்குள் வளர்ந்தவளுக்கு எந்தச் சட்டியில் எது கருகியது என்பது தெரியும். வாசலில் நின்று மணம் பிடிப்பவனுக்கு மசாலா மாத்திரமே தெரியும். இத்தனைக்கும் அப்படம் குறையற்றதன்று. மாப்பிள்ளை வீட்டாரை வெறும் பனிக்கட்டியாகச் செய்தது எனக்கு ஒவ்வவில்லை. அவர்களைப் பார்த்து எள்ளியது போதும் என்று எழுத்தாளருக்கே ஓரிடத்தில் தோன்றியிருக்க வேண்டும். இறுதித் திருமண உரையில் தந்தையாரே இரு குலத்தையும் ஒரு கூடைப் பழமாக்கிவிடுகிறார். அதற்கும் சொற்பிறப்புத்தான் துணை!

தனிநடிப்பு என்றதும் எங்கள் கே. எஸ். பாலச்சந்திரன் நினைவுக்கு வருகிறார். ‘அண்ணை றைற்’ என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பேருந்துக் கொண்டக்டரை மேடையில் நிறுத்தி, பயணிகள் அனைவரையும் தாம் ஒருவரே ஆடிக் காட்டினார். இங்கே அதைக் கேளாதார் இல்லை. எங்கள் பேச்சே அங்கும் சிரிப்பு. ஆயினும் எவருக்கும் நோகவில்லை. பேருந்தில் இருந்தவர் அனைவரும் ஒரே தமிழைப் பேசினர். ஆதலால் சிரிப்பு பேச்சைவிட்டு ஆளின்மேற் சென்றது. பிற்காலத்தில் அவரும் கனடா போனார். 2014இல் அங்கேயே காலமானார்.

அவருக்கும் முன்னே, பருத்தித்துறைப் பக்கத்துப் புலோலியிற் பிறந்து இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்ற பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, 1940இலேயே ‘நானாடகம்’ என்னும் நூலை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் வெளியிட்டார். ‘உடையார் மிடுக்கு’ அதில் ஒன்று. உடையாரின் மிடுக்கே அங்கு நகைக்கு ஆளாயிற்று. அவர் வாயின் தமிழன்று. பண்டிதர் உலகம் அன்று முகஞ் சுளித்தது. எங்கள் முன்னோர் செய்த பிழைகளுள் அதுவும் ஒன்று.

வானொலியிலிருந்து திரைக்குப் போன ‘கோமாளிகள்’ (1976) வேறுவகை. மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி என்போர் ஆளுக்கொரு தமிழ் பேசுவர். முஸ்லிம்கள் பேசும் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், யாழ்ப்பாணத்தார் பேசும் தமிழ் என்று நாட்டிலுள்ள ஓசையெல்லாம் அதில் ஒருங்கே ஒலித்தன. மரிக்காராக வந்த எஸ். ராமதாஸ் முஸ்லிம் அல்லர். உபாலியாக வந்த செல்வசேகரன் சிங்களவர் அல்லர். பேச்சுக் கோணலே அங்கும் மூலதனம் என்று குறைகூறலாம். ஆனால் எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சிரித்த சபை அது. கதவோரம் எவரும் நிறுத்தப்படவில்லை. பின்னர் வந்த ஆண்டுகளை எண்ணும்போது, அந்தச் சிரிப்பு இப்போது ஏக்கமாகவே தோன்றுகிறது.

இனி மாணவன் பார்த்த படம். 2022இல் இலங்கை பொருள்வற்றி நின்றபோது, குடும்பங்கள் சில உண்மையிலேயே படகேறி இராமேசுவரம் சேர்ந்தன. ‘ரூரிஸ்ட் ஃபமிலி’ அதனைக் கருவாகக் கொண்டது. அபிஷன் ஜீவிந்த் என்னும் இளைஞரின் முதற்படம். சசிகுமார் தந்தை, சிம்ரன் தாய், இரண்டு ஆண்பிள்ளைகள். ஒளிந்து வாழ வந்தவர்களுக்குச் சுற்றுலாக் குடும்பம் என்று பெயரிட்டதிலேயே நல்ல அங்கதம் இருக்கிறது. சென்னையில் ஒரு குடியிருப்பிலே, எங்கிருந்து வந்தோம் என்பதை மறைத்து வாழவேண்டும். தமிழ் பேசும் நகரத்திலே தமிழ் பேசினால் அகப்பட்டுக்கொள்வர்! சவர்க்காரம் கேட்டவனுக்கு இது கதையன்று. நான் அதைப் பார்த்தபோது பல இடங்களிற் சிரிப்பு வரவில்லை.

தெனாலிக்கும் இதற்கும் இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டில் நிகழ்ந்த மாற்றம் பெரிது. இங்கே பேச்சு பகிடியன்று; அதனை மறைக்க வேண்டியிருப்பதே பகிடி. சிரிப்பு மறைப்பவர்மேல் விழாமல், மறைக்கச் செய்யும் உலகத்தின்மேல் விழுகிறது. கதவுகளைச் சாத்திக்கொண்டு வாழ்ந்த அக்குடியிருப்பினர் ஒருவரையொருவர் அறிவதே இவர்களால்தான். இறுதியில் அவர்கள் இக்குடும்பத்தைக் காட்டிக்கொடாமற் காத்து நிற்கின்றனர். வரவேற்கத்தக்க படம். ஓசையிற் குற்றம் உண்டு, அதைப் பொறுக்கலாம்.

பொறுக்க முடியாதது வேறொன்று. அக்குடும்பத்தார் மிகமிக நல்லவர்கள். எதிர்வீட்டாருக்கு உதவுகின்றனர், யாரையும் வஞ்சிப்பதில்லை, துன்பம் வந்தால் புன்னகை செய்கின்றனர். கோழை என்று சிரித்தவர்கள் இப்போது தெய்வம் என்று கும்பிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே மனிதன் எங்கே போனான்? எங்கள் வீடுகளை நான் அறிவேன். வேலி ஒரு முழம் தள்ளிப் போட்டதற்கு முப்பது வருடம் வழக்காடிய அண்ணன் தம்பியர் உண்டு. சீதனக் கணக்கைத் திருமண மேடையிலே மூன்றாம் முறை கூட்டிப் பார்த்த மாமன்மார் உண்டு. சாதியை வாயால் மறுத்து, விவாகப் பேச்சு வந்தால் ஊர்ப்பெயர் விசாரித்து அறிந்துகொள்ளும் பெரிய மனிதர் உண்டு. இவர்களும் படகேறினார்கள். இவர்களும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பனியிலே நடுங்கினார்கள். இவர்கள் மேல் இரக்கமும் வரவேண்டும், சிரிப்பும் வரவேண்டும். அகதி நல்லவனாயிருந்தால் மாத்திரமே இரக்கங் காட்டுவோம் என்பது கடுமையான நிபந்தனை.

பிரான்சிலே எடுத்த ‘தீபன்’ (2015) நகைப்படமன்று. ஆயினும் அதில் ஒரு சிறு காட்சி எனக்குப் பிடிக்கும். பிரெஞ்சுக்காரர் சொல்லும் பகிடியில் தனக்குச் சிரிப்பு வரவில்லை என்று நாயகன் குறைப்பட, மனைவி என்று பொய்யாய்ப் பதிந்து உடன்வந்தவள், உமக்குத் தமிழிலும் அது வராது என்ற கருத்துப்பட ஒரு குத்துக் குத்துகிறாள். அவனுடைய பாத்திரத்தில் நடித்த எழுத்தாளர் ஷோபாசக்தி எங்கள் தீவுப்பகுதியைச் சேர்ந்தவர். அந்தக் கண நேரத்தில் அவர்கள் இருவரும் அகதிகள் அல்லர். ஒருவரையொருவர் கடிக்கும் ஒரு சாதாரணத் தம்பதி.

காலத்தின் விளையாட்டையும் பாருங்கள். தமிழகத்து நடிகர் ஒருவர் ஈழத்தமிழனாக நடித்தார் என்று தொடங்கினேன். 2020 முதல் 2023 வரை அமெரிக்கத் தொடர் ஒன்றிலே, இந்தியத் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணாக நகைச்சுவை ததும்ப நடித்துப் பெயர்பெற்ற மைத்திரேயி இராமகிருஷ்ணன், கனடாவில் ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். இம்முறை எங்கள் வீட்டுப் பிள்ளை அவர்கள் வீட்டுப் பெண்ணாக நின்றாள். ஆனால் அவள் தன் சொந்த வீட்டுக் கதையில் நிற்கும் நாள் இன்னும் வரவில்லை. அதை எழுத வேண்டியவர்கள் எழுதவில்லை. எழுதக்கூடிய பேரப்பிள்ளைகளுக்கோ ‘உது’ என்றால் விளங்காது.

மாணவனுக்கு அடுத்த கிழமை விடை சொன்னேன். செயிற்றியனார் நிரலில் நாங்கள் இல்லை, ஏனெனில் நாங்கள் தமிழுக்கு அயலார் அல்லேம் என்றேன். அத்தோடு மலையகத்துச் சிறுவன் கதையையும் சொன்னேன். வகுப்பு அமைதியாயிருந்தது. பின்னர், தாம் நன்கறிந்த ஒரு வீட்டைப் பற்றி ஆளுக்கொரு சிறு நகைநாடகம், தம் பேச்சுத் தமிழிலேயே எழுதிவரும்படி பணித்தேன்.

பதினேழு நாடகங்கள் வந்தன. பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் மாமாக்களைப் பற்றியவை. கேள்வி கேட்ட மாணவன் எழுதியது வேறு. ஒரு கிழட்டுப் பண்டிதர் கனடாவிலிருந்து வரும் பேரனை வரவேற்க விமான நிலையம் போகிறார். குடும்பத்தார் பிடித்திருக்கும் வரவேற்பு அட்டையிலே ஒற்று மிகவில்லை என்று கண்டு, பேரன் வெளியே வந்து நிற்பதையும் பாராமல், அட்டையைத் திருத்தப் பேனை தேடி அலைகிறார். பேரன் ஆங்கிலத்தில் இவர் யார் என்று கேட்கிறான்.

தனியே இருந்து வாசித்துச் சத்தமாகச் சிரித்தேன். மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனையை எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் மூன்று இடத்தில் ஒற்று மிகவில்லை.